ஒரு கொலைக்கு மதுரை எரிந்தது, ஆயிரம் கொலைக்கு மழை பெய்தது

உமியோடு:
சிலப்பதிகாரத்தை முழுவதுமாக மறுபடி படித்து முடித்தேன். பள்ளியில் வழக்குரை காதையோடு நிறுத்திவிடுகிறார்கள். "யானோ அரசன், யானே கள்வன்" என்று நெடுஞ்செழியன் விழுந்து சாகிறான், மதுரை எரிகிறது, நீதி கிடைத்துவிட்டது. அப்புறம் நடந்ததை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பாண்டிய நாட்டில் மழை பொய்க்கிறது. வெப்புநோயும் அம்மையும் பரவுகின்றன. கொற்கையில் இருந்த அடுத்த பாண்டியன் வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்ய ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொல்கிறான். நீர்ப்படைக் காதையில் "ஈரைஞ்ஞூற்றுவர்", "ஒருபகல் எல்லை" என்று கணக்கே இருக்கிறது. ஒரே பகலில் ஆயிரம் பேர்! அதற்குப் பிறகு மழை பெய்தது, நோய் நீங்கியது என்கிறது நூலின் முன்னால் வரும் உரைபெறு கட்டுரை.

சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் ஒருவன். விசாரிக்காமல் ஓர் உயிரை எடுத்த அரசன் கொடுங்கோலன். அவனுக்கு அடுத்து வந்து ஆயிரம் உயிரை எடுத்தவன் நாட்டைக் காத்தவன். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க நமக்கு ஏன் மனம் வருவதில்லை?

வைகைக்கரை:
கேள்வி நியாயம்தான். ஆனால் தலைப்பில் மதுரையையும் சேர்த்து இழுத்திருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு மறுப்பு. கண்ணகி கண்மூடித்தனமாகக் கொளுத்தவில்லை. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் போ என்று தீக்குக் கட்டளை இடுகிறாள். கணவனை இழந்து, கேட்க நாதியில்லாமல், அயலூரில் தனியாக நின்ற பெண் அவள். படையும் அரியணையும் வைத்திருந்தவன் செய்த கொலையையும் அவள் கோபத்தையும் ஒரே வரியில் எழுதுவது எனக்கு வலிக்கிறது. 1968இல் மெரினாவில் அவளுக்குச் சிலை வைத்தது கையில் சிலம்போடு நீதி கேட்டதற்காக. ஊரை எரித்ததற்காக இல்லை.

கடலோடி:
வைகைக்கரை அண்ணா, தீயவர் யார் என்று அன்றைக்கு யார் பிரித்தார்கள்? அழற்படு காதையில் அறவோர் இருக்கும் பக்கம் தீ போகவில்லை, மறவோர் சேரிதான் எரிந்தது என்று வருகிறது. ஒரு தெரு முழுக்கத் தீயவர்களா? மழலை பேசும் பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக்கொண்டு, நரைத்த கிழவிகளோடு பெண்கள் வெளியேறும் காட்சியும் அதே காதையில் இருக்கிறது. அவர்கள் உயிர் பிழைத்தார்கள், சரி. திரும்பிப் போக வீடு இருந்ததா?

நாம் புகாரிலிருந்து கண்ணகியோடு நடந்து வருகிறோம். கால் நோக அவள் மதுரைக்கு வந்ததைப் பார்க்கிறோம். அதனால் அவள் தீ நம்முடைய தீ ஆகிவிடுகிறது. அந்தக் கொல்லனுக்குக் கதையில் ஒரு பெயர்கூடக் கிடையாது. ஆயிரம் பேரில் ஒருவருக்கும் கிடையாது.

புத்தகப்பை:
இருபது வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். நாங்கள் பாதியில் நிறுத்துகிறோம் என்ற குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழியை இளங்கோ மேல் போடாதீர்கள். கோவலனையே அவர் தப்பவிடவில்லையே! கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் முற்பிறப்பைச் சொல்கிறது. கோவலன் அப்போது பரதன், சிங்கபுரத்து அரசனின் ஆள். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லி மன்னனிடம் காட்டிக் கொல்ல வைக்கிறான். பொற்கொல்லன் கோவலனுக்குச் செய்ததும் அச்சு அசல் இதுதான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, சாபமிட்டு, மலையிலிருந்து குதிக்கிறாள். கண்ணகியும் அதே பதினான்கு நாள் கழித்துத்தான் கணவனோடு சேர்கிறாள்.

சேரன் செங்குட்டுவனையும் பாருங்கள். கண்ணகிக்குச் சிலை வடிக்கக் கல் எடுக்க வடக்கே போய்ப் போரிட்டு வந்தவனிடம், அறக்கள வேள்வி செய்யாமல் எங்கும் மறக்கள வேள்வியே செய்கிறாயே என்று மாடலன் என்ற மறையோன் நேருக்கு நேர் சொல்கிறான். நாயகன் செய்தால் எல்லாம் சரி என்கிற புலவர் இந்த இடத்தை எழுதியிருக்க மாட்டார்.

உமியோடு:
டீச்சர், நீலியை நினைவூட்டியதற்கு நன்றி. அவளுக்கு யார் கோயில் கட்டினார்கள்? அதே துயரம், அதே பதினான்கு நாள். அவள் கணவன் கதையின் நாயகன் இல்லை, அவ்வளவுதான்.

மாடலனைப் பற்றிச் சொன்னீர்கள். ஆயிரம் பேர் செத்த செய்தியைச் செங்குட்டுவனிடம் சொல்பவனும் அவன்தான். தான் கொண்டுபோன செய்தியைக் கேட்டுச் சிலர் இறந்துபோனார்கள் என்று அந்தப் பாவம் தீரக் கங்கையில் நீராட வந்தவன். கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரி தீயில் விழுந்ததையும் வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் உண்ணாமல் உயிர்விட்டதையும் சொல்கிறான். அவ்வளவு மென்மையான மனசு. ஆனால் வெற்றிவேற் செழியன் உயிர்ப்பலி கொடுத்து அரியணை ஏறியதைக் காலைச் சூரியன் தேர் ஏறியது போல என்று உவமை சொல்லிவிட்டுப் போகிறான். ஆயிரம் பேருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பத்தர் வேலை, அதாவது பொற்கொல்லர் தொழில். தாத்தா உமி நெருப்பு வைத்த உமியோட்டின் முன்னால் உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஏழாம் வகுப்பில் இந்தக் கதை நடந்த அன்று பின்பெஞ்சிலிருந்து "உங்க ஆளுதாண்டா" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். அந்த ஆயிரம் பேர் அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் எழுந்து நின்று பதில் சொல்லியிருப்பேன்.

வைகைக்கரை:
உங்கள் தாத்தாவைப் பற்றிப் படித்தபின் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. அந்த வகுப்பில் நடந்தது தப்பு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உரைபெறு கட்டுரை பிற்சேர்க்கை என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. நீர்ப்படைக் காதை வரும் வஞ்சிக் காண்டத்தையே அப்படிச் சொல்பவர்களும் உண்டு. அது உண்மையானால் இந்தப் பலி யாரோ ஒட்டியது. அதற்குக் கண்ணகியைக் கூண்டில் ஏற்றலாமா?

கடலோடி:
ஒட்டியது என்றே வைத்துக்கொள்வோம். ஒட்டியவருக்கும் அது தர்மமாகத்தானே தெரிந்திருக்கிறது? படித்தவர்கள் யாரும் முகம் சுளித்து அதைக் கிழித்துப் போடவில்லையே?

உமியோடு:
வைகைக்கரை அண்ணா, நான் கண்ணகியைக் கூண்டில் ஏற்றவில்லை. ஆயிரம் பேரைக் கொல்லச் சொன்னவள் அவள் இல்லை. நெடுஞ்செழியன் தப்பு தெரிந்ததும் "கெடுக என் ஆயுள்" என்று உயிரை விட்டான். கதையில் கெட்டவன் என்று பெயர் வாங்கியவன் அவன். வெற்றிவேற் செழியன் அப்படி ஒரு சொல் சொன்னதாக எங்கேயும் இல்லை. என் சண்டை அவனோடும், அவனைத் தாண்டிப் பேசாமல் போகிற நம்மோடும்தான்.

புத்தகப்பை:
வரும் திங்கள்கிழமை பதினொன்றாம் வகுப்பில் வழக்குரை காதை எடுக்கிறேன். பாடத்தில் இல்லாவிட்டாலும் நீர்ப்படைக் காதையின் அந்த வரிகளைக் கரும்பலகையில் எழுதப் போகிறேன். பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று இங்கே வந்து சொல்கிறேன்.

உமியோடு:
நீலியையும் எழுதுங்கள் டீச்சர்.