கடப்பாரைச் சத்தம் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா?

விளிம்புக்கோடு:
குவாரிப் பயிற்சி பற்றிய இன்னொரு இழையில் பழையமேஸ்திரி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பாறைச் சரிவுக்கு வகுப்பு எதற்கு? கடப்பாரையால் ஒரு தட்டு தட்டினால் போதும், கல் நிற்குமா விழுமா என்று சத்தமே சொல்லிவிடும்" என்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. கணீரென்று கேட்டால் கெட்டி, டொக்கென்று கேட்டால் பின்னால் இடைவெளி. இது பயிற்சியிலும் சொல்லித் தருவதுதான். ஆனால் அந்தச் சத்தம் கை எட்டும் உயரத்தில், மேலாக உரிந்து நிற்கும் கல் பலகையைப் பற்றி மட்டும்தான் பேசும். நாலைந்து மீட்டர் உள்ளே களிமண் படிந்த வெடிப்பு ஒன்று முகப்பை, அதாவது வெட்டிய பாறைச் சுவரை, நோக்கிச் சாய்ந்திருந்தால் மொத்த பெஞ்சும் (படிபோல வெட்டிவிட்ட பாறைத் தட்டு) அதன்மேல் வழுக்கி இறங்கிவிடும். முந்தின நிமிடம் வரை முன்பக்கம் தட்டினால் கணீர்தான். புதிதாக வேலைக்கு வரும் பையனிடம் "தட்டினால் போதும்" என்று சொல்லாதீர்கள்.

பழையமேஸ்திரி:
என்னை இழுத்ததால் வந்தேன். நான் சொன்னது காது பழகினவனுக்கு. படம் போட்டுக் காட்டுகிறீர்கள், பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறீர்கள், அனுப்பிவிடுகிறீர்கள். மறுநாள் அதே பையன் தொங்கல் கல்லுக்கு நேர் கீழே நின்று ஜாக்ஹாமர் துளைக்கருவியைப் பிடிக்கிறான். அவனை இழுத்து வெளியே விடுவது உங்கள் படமா, என் கையா? சத்தம் பொய் சொல்லாது ஐயா.

மண்சாய்வு:
ஒரு சின்னக் கோரிக்கை. ஒருவர் உதிரும் தனிக்கல்லைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவர் முழுச் சுவரும் சரிவதைப் பற்றி. எதைப் பற்றிய விவாதம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமே?

விளிம்புக்கோடு:
மேஸ்திரி, அந்தப் பையனை இழுத்துவிட நீங்கள் அங்கே இல்லாத நாளில் என்ன நடக்கும்? அதற்குத்தான் பயிற்சி. சத்தத்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களே, மழைக்கு அப்புறம் சத்தம் என்ன சொல்லும்? மேல் விளிம்புக்குப் பின்னால் 5 மீட்டர் ஆழத்துக்கு ஒரு விரிசல் இருக்கிறது என்று வையுங்கள். அதில் தண்ணீர் நிரம்பினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 12 டன்னுக்கு மேல் பாறையை வெளியே தள்ளும். ஆழம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. இதெல்லாம் கீழே நின்று தட்டுபவனுக்குக் கேட்குமா? மேலே ஏறி, விளிம்பிலிருந்து தள்ளி நின்று, புது விரிசல் உண்டா, நேற்றுவரை காய்ந்திருந்த இடத்தில் இன்று கசிவு உண்டா என்று பார்க்கப் பழக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் ஒரு முறை, வெடி வைத்த பிறகு ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை. இதைக் காதால் செய்ய முடியாது.

பழையமேஸ்திரி:
கணக்குப் பாடம் நன்றாக இருக்கிறது. மழை பெய்தால் சுவர்ப் பக்கம் போகாதே என்று எங்களுக்கு யாரும் டன் கணக்கில் சொல்லித் தரவில்லை, ஆனாலும் போகமாட்டோம். கெட்டிப் பாறை கணீரென்றுதான் கேட்கும். இத்தனை வருஷத்தில் என் காது என்னைக் கைவிட்டதில்லை.

ஜாக்ஹாமர்பிடி:
இரண்டு பேரும் மேலிருந்தே பேசுகிறீர்கள். எங்களுக்கு லோடு கணக்கில் கூலி. நின்று தட்டினாலும் நஷ்டம், மேலே ஏறிப் பார்த்தாலும் நஷ்டம். "கல் உதிருது, ஒதுங்கி நிற்கிறேன்" என்று சொன்னவனை மறுநாள் வர வேண்டாம் என்று அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குவாரியிலும் பயிற்சி நடந்தது. எல்லாருக்கும் ஹெல்மெட் கொடுத்தார்கள்.

விளிம்புக்கோடு:
தம்பி, ஹெல்மெட் பேச்சையும் எடுத்துவிட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியத் தரப்படி தொழிற்சாலை ஹெல்மெட்டைச் சோதிப்பது 5 கிலோ எடையை 1 மீட்டரிலிருந்து போட்டு. அதே 5 கிலோ கல் 10 மீட்டர் பெஞ்சின் மேலிருந்து விழுந்தால் அடி பத்து மடங்கு. ஹெல்மெட் சில்லுக் கல்லுக்குத்தான். சுவரின் அடியில் நிற்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அதனால்தான் நிற்கும் இடத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். தொங்கல் கல்லை மேலிருந்து கீழ்நோக்கித் தள்ள வேண்டும், நீங்கள் அது விழும் பாதைக்கு வெளியே. பொக்லைன் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நிற்கக் கூடாது, நேராகப் பின்வாங்க வழி இருக்க வேண்டும். அடியை நோண்டி மேலே தொங்கவிடவே கூடாது. இதில் எதைத் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்வது, மேஸ்திரி?

ஜாக்ஹாமர்பிடி:
கூலியைப் பற்றிக் கேட்டேன். ஹெல்மெட் பாடம் நடத்துகிறீர்கள்.

மண்சாய்வு:
அமெரிக்காவின் யூட்டாவில் பிங்கம் கேன்யன் திறந்தவெளிச் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10 அன்று 10 கோடி டன்னுக்கு மேல் சரிந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ராடார் உள்ளிட்ட கருவிகளால் நகர்வைக் கவனித்து வந்தார்கள், சரிவதற்கு முன்பே ஆட்களை வெளியேற்றிவிட்டார்கள். தட்டிப் பார்த்து இது நடக்குமா?

பழையமேஸ்திரி:
ஆஹா, ராடார்! பத்துப் பேர் வேலை செய்யும் குவாரிக்கு ராடார் யார் வாங்கித் தருவது, நீங்களா? எங்களிடம் இருப்பது கடப்பாரையும் காதும்தான்.

விளிம்புக்கோடு:
ராடார் வேண்டாம். விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியைத் தினமும் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். நேற்று 2 மில்லிமீட்டர் கூடியது, இன்று 5, நாளை 12 என்று வேகம் கூடிக்கொண்டே போனால் ஆட்களையும் வண்டிகளையும் வெளியேற்றுங்கள். அதிகம் படிக்காதவருக்கும் ஒரே நாளில் பழக்கிவிடலாம். இது எதுவுமே நீங்கள் தட்டுவதில் கிடைக்காது.

பழையமேஸ்திரி:
முளை அடிக்கும் இடம் கெட்டியா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? தட்டித்தானே!

விளிம்புக்கோடு:
இதுதான் உங்கள் வாதம் என்றால் வடிகால் பற்றிய இழையில் நீங்கள் செய்ததும் இதேதான். அங்கேயும் கடைசிவரை ஒற்றை வரியைப் பிடித்துத் தொங்கினீர்கள். சரி, கழிவு மேட்டைத் தட்டிப் பார்ப்பீர்களா? 1966 அக்டோபர் 21, வேல்ஸில் அபர்ஃபான். நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு வழுக்கி இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். மேட்டின் அடியில் ஊற்று இருந்தது. அன்று காலையிலேயே உச்சி தாழ்ந்து கிடப்பதை அங்கே வேலை செய்தவர்கள் பார்த்தார்கள். ஆனால் மேடுகளை எங்கே எப்படிக் குவிப்பது, யார் கண்காணிப்பது என்று நிர்வாகத்திடம் ஒரு நடைமுறையே கிடையாது. கழிவு மேடுகளுக்கென்று தனிச் சட்டம் அதற்குப் பிறகுதான், 1969-இல், வந்தது.

பழையமேஸ்திரி:
அது நிலக்கரி. நாம் பேசுவது கல் குவாரி. குழந்தைகள் செத்ததைக் கொண்டுவந்து வாதத்தில் ஜெயிக்கப் பார்க்கிறீர்கள்.

விளிம்புக்கோடு:
ஜெயிக்க அல்ல. எந்தக் குவாரியில் மேல்மண்ணைக் குவிக்காமல் இருக்கிறார்கள்? அந்தக் குவியலின் கீழே ஓடை இருக்கிறதா, அதன் அடியில் யாராவது வண்டி நிறுத்துகிறார்களா என்று பார்க்கப் பழகாதவன் எத்தனை பாறையைத் தட்டினாலும் பயனில்லை. அந்த 1969 சட்டத்தின் பெயரில் சுரங்கம் மட்டுமா இருக்கிறது? குவாரியும் சேர்ந்துதான் இருக்கிறது.

மண்சாய்வு:
அபர்ஃபானை இங்கே இழுத்தது சரியில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. மண் மேடு வேறு, பாறை முகப்பு வேறு. நான் முதலிலேயே கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை.

விளிம்புக்கோடு:
நீங்களும் அந்தப் பக்கமா? ராடாரை இழுத்து வந்தது யார்?

ஜாக்ஹாமர்பிடி:
கூலி விஷயத்துக்கு இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒதுங்கி நின்ற நேரத்துக்குச் சம்பளம் உண்டா இல்லையா?

பழையமேஸ்திரி:
அதை வகுப்பு எடுப்பவரிடம் கேள் தம்பி. என் கீழே வேலை பார்த்தவன் எவனும் கல் விழுந்து சாகவில்லை, ஒதுங்கி நின்றதற்காக எவன் கூலியையும் நான் வெட்டியதும் இல்லை. கணீர் என்றால் கெட்டி. இதை மாற்ற யாராலும் முடியாது.

விளிம்புக்கோடு:
ஜாக்ஹாமர்பிடி, சம்பளம் உண்டு என்று முதலாளி எழுதிக் கொடுக்கும்வரை பயிற்சி பாதிதான். இதை எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். மேஸ்திரி, உங்கள் ஆட்கள் பிழைத்தது நீங்கள் அவர்களைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தியதால். அந்தப் பெருமையைக் கடப்பாரைக்குக் கொடுக்காதீர்கள்.

பழையமேஸ்திரி:
எங்கே நிறுத்துவது என்று எனக்குச் சொன்னது எது? தட்டின சத்தம்தான்.