வலுவான கடவுச்சொல் இருந்தால் பழைய வைஃபை ரவுட்டர் பாதுகாப்பானதா?

அருள்மொழி (கேள்வி):
என் வீட்டு ரவுட்டருக்கு ஃபர்ம்வேர் (அதை இயக்கும் உள் மென்பொருள்) அப்டேட் கடைசியாக வந்தது 2019இல். இருபது எழுத்துக் கடவுச்சொல் வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணைத்துவிட்டேன். ஆனாலும் பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய இடத்தைத் தாண்டித் தரவு நினைவகத்தில் வழிவது) குறை இருந்தால் இவை எதுவும் உதவாது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். கடவுச்சொல் தெரியாதவர் எப்படி நுழைய முடியும்?

மதிவாணன்:
உங்கள் நண்பர் சொல்வது சரிதான். ரவுட்டர் தனக்கு வரும் பாக்கெட்டுகள் பலவற்றை, அனுப்பியவர் யாரென்று பார்க்காமலேயே பிரித்துப் படிக்கிறது. குறை அந்தப் படிக்கும் நிரலில் இருந்தால் கடவுச்சொல்லுக்கு வேலையே வருவதில்லை. 2022இல் வெளிவந்த, சிவிஇ-2022-27255 என்று பதிவு எண் பெற்ற பாதுகாப்புக் குறை இதற்குத் தெளிவான சான்று. ரியல்டெக் சிப்புகளுக்கான மென்பொருள் தொகுப்பில், இணையத் தொலைபேசி அழைப்புகளின் முகவரிகளை மாற்றி எழுதும் பகுதி, வந்த தரவின் நீளத்தைச் சரிபார்க்காமல் ஸ்டாக்கில் (நிரல் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகத்தில்) இருந்த குறிப்பிட்ட அளவு இடத்தில் அப்படியே நகலெடுத்தது. தரவு நீண்டால், ஃபங்ஷன் (நிரலின் அந்தப் பகுதி) முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்று அதே ஸ்டாக்கில் எழுதியிருக்கும் முகவரியும் அழிந்து, தாக்குபவர் எழுதிய முகவரி அங்கே வந்துவிடும்; அதன்மூலம் அவர் தன் நிரலை ரவுட்டரில் ஓட வைக்கலாம். இணையத்திலிருந்து வரும் ஒரேயொரு யுடிபி (முன்கூட்டியே இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்பும் வகை) பாக்கெட் இதற்குப் போதும். வெளி நிர்வாகத்தை அணைத்திருப்பது தடையாகாது. அந்தத் தொகுப்பைப் பல நிறுவனங்கள் பயன்படுத்தியதால், ரியல்டெக் திருத்தத்தை வெளியிட்ட பிறகும், ஒவ்வொரு நிறுவனமும் தன் ஃபர்ம்வேரில் அதைச் சேர்த்தால்தான் வீட்டுக்கு வந்து சேரும்.

கயல்விழி:
ரவுட்டரோடு இது நிற்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2017இல் பாதுகாப்பு ஆய்வாளர் நிதாய் ஆர்டென்ஸ்டைன் கண்டறிந்த பிராட்பான் என்ற குறை, கைப்பேசிகளில் இருந்த பிராட்காம் வைஃபை சிப்பையே தாக்கியது. சிப் ஒரு தகவலுக்கு 44 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. அதன் நீளத்தைக் குறிக்கும் புலமோ 255 வரை அனுமதித்தது. ஆகவே 211 பைட் வரை அடுத்த நினைவகத்தில் வழியலாம். கைப்பேசி வைஃபையுடன் இணையும்போது, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதற்கு முந்தைய கட்டத்திலேயே இது நடந்துவிடும். பயனர் எதையும் தொட வேண்டியதில்லை. ஆனால் ஆப்பிளும் கூகுளும் அதே ஆண்டு ஜூலையில் திருத்தம் வெளியிட்டன. குறை எல்லா மென்பொருளிலும் வரும். அதைத் திருத்த ஆள் இருக்கிறாரா என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அருள்மொழி:
விளக்கத்துக்கு மிக்க நன்றி. அப்படியானால் இதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லையா?

மதிவாணன்:
ஓப்பன்டபிள்யூஆர்டி என்பது நிறுவனத்தின் ஃபர்ம்வேருக்குப் பதிலாக நாமே ரவுட்டரில் நிறுவக்கூடிய இலவச ஃபர்ம்வேர். அது ஆதரிக்கும் கருவிகளின் பட்டியலில் உங்கள் மாடல், அதன் ஹார்ட்வேர் பதிப்பு எண்ணோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிப்பு எண் ரவுட்டரின் அடியில் ஒட்டிய லேபிளில் இருக்கும். இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். புதியது வாங்கும்போது வேகத்தைவிட, எந்த ஆண்டு வரை பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்பதை நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் அந்தக் காலத்தை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம் என்பதால், அங்கேயும் விற்கப்படும் மாடல்களுக்கு இந்த விவரம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.