ஹ்யூகோ ப்ரூஸ்: கேமரூனில் ஜெயித்தது எப்படி, தென்னாப்பிரிக்காவில் மாற்றியது என்ன?

கேள்வி (மிட்ஃபீல்டர்_8):
கால்பந்துப் பயிற்சியாளர் ஹ்யூகோ ப்ரூஸ், பெல்ஜியத்தில் கிளப் ப்ரூஜ், ஆண்டர்லெக்ட் இரண்டுக்கும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். பிறகு கிரீஸ், துருக்கி, அல்ஜீரியா என்று சுற்றினார். ஆப்பிரிக்க தேசிய அணிகளோடு மட்டும் எப்படி இவ்வளவு பொருந்திப்போனார்?

பதில் (வலைகாப்பான்):
பேரைப் பார்த்து ஆள் எடுக்காததுதான் காரணம். 2017 ஆப்பிரிக்கக் கோப்பைக்கு கேமரூன் வீரர்கள் மாட்டிப், ஒனானா உட்படப் பலர் வர மறுத்தார்கள். வந்தவர்களை வைத்தே அணியைக் கட்டினார். இறுதிப் போட்டியில் எகிப்து 22ஆம் நிமிடமே கோல் போட்டது. அதைச் சமன் செய்த என்குலு, 88ஆம் நிமிடம் வெற்றி கோல் அடித்த அபுபக்கர் இருவருமே மாற்று ஆட்டக்காரர்கள். 2-1. எனக்கு அவருடைய ஆகச் சிறந்த இரவு அதுதான்.

பதில் (இடதுகால்):
2021இல் தென்னாப்பிரிக்கா வந்ததும் இளையவர்களை இறக்கினார். பிறகு அந்நாட்டு கிளப்பான மாமெலோடி சன்டவுன்ஸ் ஆட்களை அச்சாக வைத்தார். தேசிய அணிக்குப் பயிற்சி நாட்கள் குறைவு. தினமும் சேர்ந்து ஆடுபவர்களுக்குப் புரிதல் தயாராக இருக்கும். 2023 ஆப்பிரிக்கக் கோப்பையில் காலிறுதிக்கு முந்தைய சுற்றில் மொராக்கோவை 2-0 என வீழ்த்தினார்கள்; முடிவில் மூன்றாமிடம்.

பதில் (வலைகாப்பான்):
ஒரு நிர்வாகப் பிழையையும் சொல்லணும். 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வெவ்வேறு ஆட்டங்களில் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கித் தடையில் இருந்த தென்னாப்பிரிக்க வீரர் மொகோயெனாவை லெசோத்தோவுக்கு எதிராக இறக்கிவிட்டார்கள். 2-0 வெற்றியை ஃபிஃபா 0-3 தோல்வியாக மாற்றியது. 3 புள்ளி போச்சு. அட்டைக் கணக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் அழியாது, தொடர் முழுக்கச் சேரும். கடைசியில் ருவாண்டாவை 3-0 என வென்றுதான் 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள்.