செஸ்னா 172-இல் குடும்பத்தோடு முதல் பயணம்: என்னென்ன கவனிக்கணும்?

கேள்வி

வணக்கம். அலுவலக நண்பர் பிரைவேட் பைலட் லைசென்ஸ் வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலை கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் செஸ்னா 172எஸ் என்ற நான்கு பேர் உட்காரும் சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து, கோல்டன் கேட் பாலம் வரை ஒரு சுற்று கூட்டிப் போகிறாராம். நான், மனைவி, 8 வயது மகள். மனைவிக்கு மலைப்பாதையில் கார் ஏறினாலே குமட்டும். நண்பர் எல்லோருடைய எடையையும் கேட்கிறார். அவ்வளவு சரியாகச் சொல்லணுமா? பணம் எவ்வளவு கொடுப்பது முறை?

பதில் 1

எடை கேட்கிறார் என்றால் ஒழுங்கான பைலட். கணக்கைப் பாருங்கள். புறப்படும்போது மொத்த எடை 2,550 பவுண்டைத் தாண்டக் கூடாது. காலி விமானம் ஏறக்குறைய 1,700. டேங்க் நிறைய 53 கேலன் எரிபொருள், கேலனுக்கு 6 பவுண்டு வீதம் 318. மிச்சம் 532தான். பெரியவர்கள் மூவர் 515, குழந்தை 60, பை 20 என்று வைத்தால் 595; அதாவது 63 பவுண்டு கூடுதல். அதனால் 35 கேலனோடு கிளம்புவார். அப்போது 640 வரை ஏற்றலாம். மணிக்கு 9, 10 கேலன்தான் குடிக்கும், ஒரு மணி நேரச் சுற்றுக்கு அது தாராளம். அங்கே ரன்வே 2,443 அடிதான். எடை ஏற ஏற, மேலே எழும்ப ஓடும் தூரமும் நீளும். உடை, ஷூ, கேமரா எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள், கூச்சப்பட்டுக் குறைக்காதீர்கள்.

பணம்: வாடகை, எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம் நான்கையும் கூட்டி, தலைக்குச் சமமாகப் பிரிக்கலாம். நான்கு பேர் என்றால் கால் பங்காவது பைலட் போட்டே ஆகணும். முழுப் பணத்தையும் நீங்கள் கொடுத்தால் அமெரிக்க விதிப்படி அவர் லைசென்ஸுக்கே சிக்கல்.

பதில் 2

எஞ்சின் நின்றிருந்தாலும் புரொபெல்லர் பக்கம் போகாதீர்கள். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் எர்த் வயர் அறுந்திருந்தால், சாவி ஆஃபில் இருக்கும்போதே கையால் லேசாகத் திருப்பினாலும் எஞ்சின் ஒருமுறை உதைக்கும். மகள் கையை விடாமல், இறக்கைக்குப் பின்பக்கமாகவே கூட்டி வாருங்கள். இறக்கையின் பின்விளிம்பு பெரியவர்கள் நெற்றி உயரத்தில் இருக்கும், குனிந்து வாங்க.

முன்சீட்டில் உட்கார்ந்ததும் சீட்டை முன்னும் பின்னும் ஒருமுறை உலுக்கிப் பாருங்கள். கீழே சீட் நகரும் தண்டவாளத்தின் துளையில் பூட்டு ஊசி சரியாக விழாவிட்டால், விமானம் மேலே எழும்போது சீட் பின்னால் சறுக்கும். பதறி எதிரே இருக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் ஆபத்து. காலைத் தரையில் வையுங்கள், பெடலில் வேண்டாம். பறக்கும்போது கதவு திறந்துகொண்டாலும் விமானம் பறக்கும், காற்றழுத்தமே அதை முழுக்கத் திறக்க விடாது. பெல்ட் இருக்கிறது. சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு பைலட்டை அவர் வேலையைப் பார்க்க விடுங்கள்.

பதில் 3

குமட்டலுக்கு: மனைவியை முன்சீட்டில் உட்கார வையுங்கள். பார்வை தூரத்துத் தொடுவானத்தில் இருக்கட்டும், போனில் வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. இரண்டு இட்லி போதும். மெக்லிசின் மாத்திரை என்றால் ஒரு மணி நேரம் முன்னதாக, தூக்கம் வரும். மகளுக்கு டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள். கண்ணாடியின் மேல்மூலையில் காற்றுக்குழாய் இருக்கும், வெளியே இழுத்தால் சில்லென்று முகத்தில் அடிக்கும். வாந்திப் பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கணும், பின்சீட் பையில் அல்ல. யாருக்காவது சளி பிடித்திருந்தால் தள்ளிப் போடுங்கள், இறங்கும்போது காது தாங்காது.

வெயில் ஏறுமுன் காற்று அமைதியாக இருக்கும். ஆனால் அங்கே கோடைக் காலையில் கடல் மேகம் தாழ்வாகப் படர்ந்திருக்கும், கலைய 10, 11 மணி ஆகலாம். "இன்று வேண்டாம் என்றாலும் எங்களுக்குச் சம்மதம்" என்று நண்பரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். வந்தவர்கள் ஏமாறுவார்களே என்று நினைத்துக் கிளம்புவதுதான் இந்த வகை விமானங்களில் கெட்ட பழக்கம்.

கேட்டவர்

ரொம்ப நன்றி. மகளுக்குச் சத்தம் என்றால் பயம். எதை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்?

பதில் 1

மூன்று இடங்கள். புறப்படுமுன் பிரேக் பிடித்து எஞ்சினை நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு ஏற்றி, மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பார். உறுமல் சட்டென்று தணிந்து மீளும். இறங்க வரும்போது எஞ்சினைக் குறைப்பார், திடீர் அமைதி, நின்றுவிடவில்லை. கடைசியாக, இடது இறக்கையின் முன்விளிம்பில் சின்னத் துளை ஒன்று இருக்கும், உள்ளே ஆர்மோனியத்தில் இருப்பது மாதிரி ஒரு ரீடு. வேகம் நன்றாகக் குறைந்ததும் அது "பீ" என்று ஊதும். சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் கேட்டால் நல்ல இறக்கம் என்று அர்த்தம். ஏறுமுன்னே அந்தத் துளையை மகளுக்குக் காட்டச் சொல்லுங்கள்.