டிமென்டியேவா: சர்வீஸ் மட்டும்தான் காரணமா?

கேள்வி:
ரஷ்ய டென்னிஸ் வீராங்கனை எலேனா டிமென்டியேவாவின் பழைய ஆட்டங்களை இப்போதுதான் பார்க்கிறேன். அந்த ஃபோர்ஹேண்டை வைத்துக்கொண்டு ஒரு கிராண்ட் ஸ்லாம்கூடவா ஜெயிக்கவில்லை? 2004-ல் மட்டும் இரண்டு இறுதி ஆட்டம்! சர்வீஸ்தான் கெடுத்ததா?

பதில் 1:
முக்கால்வாசி அதுதான். இரண்டாவது சர்வீஸைக் கவனியுங்கள். பந்தை வலப்பக்கம் தள்ளிப் போட்டு, பக்கவாட்டில் சீவுவார். மெதுவாக வரும், எதிராளி கோட்டுக்குள்ளே வந்து நின்று சாத்துவார். அந்த இரண்டு இறுதி ஆட்டத்திலும் தோல்வி: பாரிஸில் பிரெஞ்சு ஓப்பனில் மிஸ்கினாவிடம் 6-1, 6-2; நியூயார்க்கில் யு.எஸ். ஓப்பனில் குஸ்னெட்சோவாவிடம் 6-3, 7-5. பாரிஸ் ஆட்டத்தை என்னால் இரண்டாம் தடவை பார்க்க முடியவில்லை, அவ்வளவு டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வீஸுமே தப்பி, புள்ளி எதிராளிக்குப் போவது).

பதில் 2:
2009 விம்பிள்டன் அரையிறுதியை விட்டுவிட்டீர்களே. செரீனா வில்லியம்ஸுக்கு எதிராக டிமென்டியேவாவுக்கு மேட்ச் பாயிண்ட், அந்த ஒரு புள்ளி எடுத்தால் ஜெயம். செரீனா வலைக்கு வந்துவிட்டார். இவர் பேக்ஹேண்டைக் குறுக்கே அடித்தார். செரீனா தொட்ட பந்து வலையின் விளிம்பில் உரசி இந்தப் பக்கம் விழுந்தது. கடைசி செட் 8-6 என்று செரீனாவுக்குப் போனது. குறுக்கே அடிக்காமல் பக்கக் கோட்டை ஒட்டி நேராக அடித்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆதங்கம்.

பதில் 3:
பாவம் பார்க்க வேண்டாம். ஒலிம்பிக்கில் சிட்னி 2000-ல் வெள்ளி, பெய்ஜிங் 2008-ல் தங்கம். பெய்ஜிங் இறுதி ஆட்டத்தில் சஃபினாவிடம் முதல் செட்டை இழந்து மீண்டு வந்தார். வெண்கலம் ஸ்வோனரேவாவுக்கு, மூன்றுமே ரஷ்யாவுக்கு. 2010-ல் தோஹாவில் ஓய்வை அறிவித்தபோது வயது 29தான்.

கேள்வி கேட்டவர்:
சரி, இன்று ராத்திரி பெய்ஜிங் ஆட்டம். பாரிஸ் அப்புறம்.