கர்னவாலே மியூசியம், பாரிஸ்: போய் வந்தவர்கள் அனுபவம்

வில்லியனூர்:

ஊரிலிருந்து யாராவது வந்தால் லூவ்ரையும் ஈஃபிள் கோபுரத்தையும் காட்டி அனுப்பிவிடுவதுதான் இங்கே நம்மவர்கள் வழக்கம். இந்தத் தடவை மாமியார் வந்திருக்கிறார். முழங்கால் வலி. "வரிசையில் நிக்க வெக்காத இடமா பார்த்துக் கூட்டிட்டுப் போம்மா" என்றார். மரே பகுதியில் இருக்கிற கர்னவாலேக்குப் போனோம். பாரிஸ் நகரத்தின் வரலாற்றுக்கென்றே 1880-ல் திறந்த மியூசியம். நிரந்தரக் கூடங்களுக்கு டிக்கெட்டே கிடையாது, வாசலில் பையைத் திறந்து காட்டினால் உள்ளே விட்டுவிடுகிறார்கள். தற்காலிகக் கண்காட்சி ஏதாவது நடந்தால் அதற்கு மட்டும் காசு.

முற்றத்தில் பதினான்காம் லூயி வெண்கலத்தில் நிற்கிறார். உடுப்பு ரோமானியப் பேரரசர் மாதிரி, தலையில் மட்டும் அவர் காலத்து டோப்பா. பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசர் சிலைகளை உருக்கிப் போட்ட ஊரில் தப்பிப் பிழைத்த சிலை. நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை, "என்ன வேஷம் இது?" என்று நகர்ந்துவிட்டார்.

அவரைப் பிடித்து நிறுத்தியது கடை அடையாளங்கள் வைத்திருக்கிற கூடம். பழைய பாரிஸ் கடைகளின் வாசலில் தொங்கிய இரும்பு, மர, தகர உருவங்களைத் தலைக்கு மேலேயும் சுவரிலும் நெருக்கமாக மாட்டி வைத்திருக்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்த குறிப்பைப் படித்துச் சொல்லத் தொடங்கினேன். "நீ சும்மா இரு, எனக்கே தெரியுது" என்றார். அவருக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது. ஆனால் ஒவ்வொன்றாகக் கையைக் காட்டி, இது பூட்டுக்காரர், இது ஒயின் கடை என்று சொல்லிக்கொண்டே போனார். நம்ம ஊரில் சாவி போடுகிறவர் இன்னமும் தகரத்தில் பெரிய சாவி வெட்டித் தொங்கவிடுகிறார் இல்லையா, அதே வித்தைதான். அந்தக் காலத்து பாரிசில் எழுத்து தெரியாதவர்களும் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். கடைக்காரன் படத்தைத்தான் நம்பியாக வேண்டும். படிக்காதவர்களுக்காகச் செய்த பொருளை, படித்தவர்களுக்கான குறிப்போடு வைத்திருக்கிறார்கள்!

இவையெல்லாம் முதலில் தெருவுக்குள் நீட்டிக்கொண்டு தொங்கியவை. காற்றில் ஆடும், கிரீச்சிடும், வெளிச்சத்தை மறைக்கும், சமயத்தில் யார் தலையிலாவது விழும். 1761-ல் போலீஸ் அதிகாரி சார்த்தின், எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டி வை என்று உத்தரவு போட்டார்.

எனக்குப் பிடித்தது பிறைநிலா மேல் நிற்கிற கருப்புப் பூனை. மொம்மார்த்தில் 1881-ல் தொடங்கிய 'ஷா நுவார்' கபரேயின் அடையாளம். டூரிஸ்ட் கடைகளில் காந்தத்திலும் குவளையிலும் விற்கிற பூனை வேறு, அது 1896-ல் வந்த போஸ்டரில் இருப்பது. இது அதற்கு மூத்தது, முகத்தில் கொஞ்சம் கோபமும் உண்டு.

அதற்குப் பிறகு வந்த தங்க முலாம் பூசிய அறைகளில் அத்தை உட்காரத்தான் இடம் தேடினார்.

லாச்சப்பல் அண்ணை:

நல்லா எழுதியிருக்கிறீங்கள் தங்கச்சி. அந்தப் பலகையள் கடைக்கு மட்டுமில்லை, தெருவுக்கே விலாசம் பாருங்கோ. வீடுகளுக்கு ஒழுங்கான இலக்கம் வர முந்தி, இன்ன படம் தொங்கிற கடைக்கு எதிர்வீடு எண்டுதான் சொல்லுவினம்.

இது எனக்கு ஏன் தெரியும் எண்டா, இஞ்ச வந்த புதுசில தபால்பெட்டியளுக்குள்ள விளம்பரப் பேப்பர் போட்டுத்தான் சீவிச்சனான். அந்த வேலைக்கு வீட்டு நம்பர் மனப்பாடமா இருக்கவேணும். செய்ன் ஆத்திலயிருந்து விலகிப் போற தெருவெண்டா ஆத்துப்பக்கம் ஒண்டாம் நம்பர். ஆத்தோட கூடவே போற தெருவெண்டா தண்ணி ஓடுற திசைக்கு நம்பர் கூடிக்கொண்டு போகும். ஒற்றை ஒரு பக்கம், இரட்டை மற்றப் பக்கம். கைபேசியில மப் இல்லாத காலம். பாஷையும் தெரியாது. நம்பரைப் பாத்தே வடக்குத் தெற்குப் பிடிப்பம். இந்த ஒழுங்கு நெப்போலியன் காலத்தில, 1805இல வந்தது எண்டு கனகாலத்துக்குப் பிறகுதான் அறிஞ்சன். ஆள் எனக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார்.

கீழ, தொல்பொருள் வைச்ச பக்கம் போனீங்களோ? செய்ன் கரையில இருக்கிற பேர்சிப் பக்கம் 1990களில கிண்டேக்க வெளிக்கிட்ட புதிய கற்காலத் தோணியள் இருக்கு. ஒரே ஓக் மரத்தைக் குடைஞ்சு செய்தது. என்ர அப்பா கடற்றொழில் செய்தவர், அதால எந்த வள்ளத்தைக் கண்டாலும் எனக்கு அடிப்பக்கம் குனிஞ்சு பாக்கோணும். மரம் கறுத்து, ஓரமெல்லாம் அரிச்சுப்போய் இருக்கு. ஆனா வடிவம் கெடேல்லை. பரிஸ் எண்ட பெயரே இல்லாத காலத்தில இந்த ஆத்தில ஆரோ வலை போட்டிருக்கிறான். மனிசி மேல ராசா வீட்டுக் கதிரையளைப் பாத்து முடிச்சுப்போட்டு வந்து, இன்னும் இதிலயே நிக்கிறியளோ எண்டு பேசினா.

ரெண்டு வாலுங்க அம்மா:

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: புதுப்பித்து 2021-ல் திறந்தபோது கணிசமான பொருட்களைச் சிறுவர்களின் கண் உயரத்துக்கே தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். தூக்கிக் காட்டிக் கை வலிக்கிற வேலை இல்லை. என் பெரியவனுக்குப் புரட்சிப் பகுதியில் பாஸ்தீல் சிறையின் கல்லிலேயே செதுக்கிய குட்டி பாஸ்தீல் பிடித்துப்போனது. சிறையை இடிக்கிற வேலையை எடுத்த பலுவா என்ற கட்டட ஒப்பந்தக்காரர் இப்படிச் செய்து 83 மாவட்டங்களுக்கும் அனுப்பினாராம். "இடிச்சவரே திரும்பக் கட்டினாரா?" என்று கேட்டான். சரியான வியாபாரி என்றேன்.

திங்கட்கிழமை மூடியிருக்கும். மெட்ரோ ஒன்றாம் லைனில் சென்-போல் இறங்கி நடக்கிற தூரம்தான். நடுவில் தோட்டம் இருக்கிறது, சின்னதுகள் அழுதால் அங்கே கொண்டுபோய் விடலாம்.

வில்லியனூர்:

அண்ணா, தோணி இருக்கிற பக்கம் நாங்கள் போகவே இல்லை. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புவதற்குள் இன்னொரு தடவை போகலாம் என்கிறார். காசா பணமா! அங்கிருந்து லாச்சப்பலுக்கு வந்து கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு போகிறதாகத் திட்டம். மெட்ரோவை விட பஸ் வசதியா, படி ஏறாமல் வர முடியுமா என்று சொல்லுங்கள்.

லாச்சப்பல் அண்ணை:

பஸ்ஸிலயே வாங்கோ. படிக்கட்டில்லை, அம்மாவுக்கு ஊரும் பாத்த மாதிரி இருக்கும். பின்னேரம் சனம் கூட, அதால காலமை மியூசியத்தை முடிச்சுக்கொண்டு மத்தியானத்துக்கு இஞ்சால வந்திடுங்கோ.