[கலைச்சொல்] ‘ஹோம் சைன்’ தமிழில் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

கோத்தகிரி டீச்சர், திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். சிறப்பாசிரியர்களுக்கும் காது கேளாத பிள்ளைகளின் பெற்றோருக்கும் சனிக்கிழமை இங்கே ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம், இந்திய சைகை மொழியின் அடிப்படைகள் பற்றி. கையேடு வியாழன் மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் எப்படியோ தமிழில் வந்துவிட்டது, இரண்டு சொல் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஒன்று ‘ஃபிங்கர் ஸ்பெல்லிங்’, அதாவது ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக விரலால் காட்டுவது. இன்னொன்று ‘ஹோம் சைன்’.

இரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காது கேளாமல் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் காது கேட்பவர்கள். வீட்டில் ஒருவருக்கும் சைகை மொழி தெரியாது, அக்கம்பக்கத்தில் காது கேளாதவர் வேறு யாரும் இல்லை. அதற்காகப் பிள்ளை சும்மா இருப்பதில்லை, தானே கையால் பேசத் தொடங்கிவிடுகிறது, அம்மாவும் அக்காவும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். எஸ்டேட் லைனிலிருந்து வரும் ஒரு பையனுக்கு, இரண்டு விரலால் கொழுந்து கிள்ளிக் காட்டினால் அம்மா. தலைக்கு இரண்டு பக்கமும் விரலை வளைத்தால் காட்டெருமை. அதையே கண்ணை அகல விரித்துச் செய்தால் காட்டெருமை ரோட்டுக்கே வந்துவிட்டது, வெளியே போகாதே என்று அர்த்தம். வீட்டுப் படி தாண்டினால் இது யாருக்கும் புரியாது. இதைத்தான் ‘ஹோம் சைன்’ என்கிறார்கள். இதைத் தப்பான சைகை என்று சொல்லி நிறுத்தக் கூடாது, ஆசிரியர் முதலில் அந்த அம்மாவிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு அதன்மேல்தான் இந்திய சைகை மொழியைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அந்த அத்தியாயமே. அதனால் பெயரில் இளக்காரம் தொனிக்கக் கூடாது. ‘வீட்டுமொழி’ ஆகாது, படுகு பேசும் பிள்ளைகளைப் பற்றிய பகுதியில் அதை வேறு பொருளில் போட்டிருக்கிறோம்.

குன்னூர் மொழிபெயர்ப்பாளர், திங்கள் இரவு

விரலெழுத்து. வீட்டுச் சைகை. முடிந்தது டீச்சர், தூங்கப் போங்கள்.

உதகை பேராசிரியர் (ஓய்வு), செவ்வாய் காலை

அன்புடையீர், அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டால் இந்தக் குழு எதற்கு? ‘சைகை’ என்ற சொல்லையே நான் ஏற்கவில்லை. சகரம் எந்த உயிரோடு சேர்ந்து மொழிக்கு முதலாகும், எதோடு சேர்ந்து ஆகாது என்று தொல்காப்பியர் தெளிவாகச் சொல்லிவிட்டார், ‘அ ஐ ஔ எனும் மூன்றலங் கடையே’. சை என்று தொடங்கும் சொல் அவர் காலத் தமிழில் கிடையாது. அடையாளம் என்று பொருள்படும் ‘சஞ்ஞை’ என்ற வடசொல்லின் சாயல் பட்டு வந்தது இது. நமக்குத் தூய சொல் கையிலேயே இருக்கிறது, குறி. ‘எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே’ என்றபோது அவர் ஒலித்தனவே என்றா சொன்னார்? குறித்தனவே என்றார். வாயால் குறித்தால் என்ன, கையால் குறித்தால் என்ன? ஆகவே ‘மனைக்குறி’.

கூடலூர் தம்பி, செவ்வாய் காலை

ஐயா, அந்தச் சூத்திரத்தைக் கையில் எடுத்தால் சட்டி போச்சு, சந்தை போச்சு, சமையல் போச்சு, ‘சரி’ என்று சொல்லக்கூட முடியாது. எங்கள் லைனில் குறி என்றால் குறி சொல்கிற கிழவிதான் வருவார். இன்னொரு அர்த்தமும் இருக்கிறது, அதை நான் இங்கே எழுத மாட்டேன். அப்புறம் அகத்திணையில் இரவுக்குறி என்றால் காதலர் இரவில் சந்திக்கும் இடம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனைக்குறி என்று கையேட்டில் போட்டால், தமிழ் படித்த ஆசிரியர் யாராவது ஒருத்தர் சிரித்துவிடுவார்.

மதுரை இலக்கண ஆசிரியர், செவ்வாய் காலை

சைகை தமிழே. செய்கை என்பதன் திரிபு. ‘அகரத்து இம்பர் யகரப் புள்ளியும் ஐயென் நெடுஞ்சினை மெய்பெறத் தோன்றும்’ என்ற விதிப்படி அய் என்பதும் ஐ என்பதும் ஒன்றாக நிற்கும் அல்லவா?

உதகை பேராசிரியர், செவ்வாய் மதியம்

அங்கே அகரம், உங்கள் செய்கையில் இருப்பது எகரம். முதலில் செய் எப்படிச் சய் ஆனது என்று காட்டுங்கள், பிறகு சூத்திரத்துக்கு வருவோம்.

கூடலூர்த் தம்பிக்கு. இரவுக்குறியை நினைவூட்டியதற்கு நன்றி, நான் மறந்தே போயிருந்தேன். ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. ‘இரவுக் குறியே இல்லகத் துள்ளும் மனையோர் கிளவி கேட்கும்வழி யதுவே’ என்பது சூத்திரம். வீட்டார் பேசுவது காதில் விழும் தொலைவுதான் இரவுக்குறி. நம் பிள்ளையோ வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, மனையோர் கிளவிதான் கேட்கவில்லை. அந்த இடத்தில் அது தானாக உண்டாக்கிக்கொள்ளும் குறிக்கு மனைக்குறி என்பதைவிடப் பொருத்தமான பெயர் எது? நாம் இருப்பதோ குறிஞ்சி நிலம். குறிஞ்சியிலும் குறி இருப்பதைக் கவனிக்க.

குன்னூர் மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் மாலை

குறிஞ்சிக்குப் போய்விட்டோம். இனி பன்னிரண்டு வருடம் ஆகும்.

ஐயா, ஒரு செய்தி சொல்கிறேன். அமெரிக்கச் சைகை மொழி ஏதோ கையாட்டல் இல்லை, அதற்கும் உறுப்புகள் உண்டு என்று வில்லியம் ஸ்டோக்கி 1960இல் எழுதிக் காட்டினார். கை எந்த வடிவில் இருக்கிறது, உடம்பில் எந்த இடத்தில், எப்படி அசைகிறது என்று பிரித்தார். ஒலியே இல்லாத மொழியில் ஒலியன் (பொருளை வேறுபடுத்தும் ஒலி அலகு) என்று சொல்லலாமா என்று அவருக்கும் உங்களைப் போலவே கூச்சம், கிரேக்கத்தில் கைக்கு உள்ள சொல்லை எடுத்து ‘கெரீம்’ என்று புதிதாகச் செய்தார். என்ன ஆனது? சொல் நிலைக்கவில்லை, சைகை மொழி ஆய்வாளர்களே ஒலியனியலுக்குள்ள பழைய சொல்லுக்குத் திரும்பிவிட்டார்கள். கிரேக்கச் சொல்லுக்கே அந்தக் கதி.

கோவை நிரலாளர், செவ்வாய் இரவு

கைவடிவத்துக்கு ஏற்கெனவே தமிழ் இருக்கிறதே. சிலம்பு அரங்கேற்று காதை, ‘பிண்டியும் பிணையலும் எழிற்கையும் தொழிற்கையும்’. ஆடலில் காட்டும் கைகள் இவை, உரையில் பிண்டி ஒற்றைக் கை, பிணையல் இரட்டைக் கை. இந்திய விரலெழுத்தில் ஆங்கில எழுத்துகளைப் பெரும்பாலும் இரண்டு கையாலும்தானே காட்டுகிறார்கள், பிரிட்டனிலிருந்து வந்த முறை. அப்படியானால் அது விரலெழுத்தே அல்ல, பிணையலெழுத்து!

கோத்தகிரி டீச்சர், செவ்வாய் இரவு

தம்பி, பெற்றோர் இதைப் பார்த்தால் யாரையோ பிணையில் எடுக்கிறார்கள் என்று நினைப்பார்கள். விரலெழுத்து என்றே போட்டுவிட்டேன், அதைத் திறக்க வேண்டாம். வீட்டுச் சைகையா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

கோவை ஆசிரியை, புதன் காலை

வணக்கம். நான் காது கேளாதவள், பதினைந்து வருடமாகக் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சனிக்கிழமை பயிற்சிக்கும் நான்தான் வருகிறேன்.

பேராசிரியர் ஐயா சொன்ன காரணம் எதுவும் எனக்கு ஒப்பவில்லை, ஆனால் ‘சைகை’ வேண்டாம் என்ற முடிவு எனக்கும் பாதி சரியாகப் படுகிறது. கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டுவதும் சைகை, நான் வகுப்பில் பின்னம் சொல்லித்தருவதும் சைகையா? ‘சைகைமொழி’ என்று சேர்த்து எழுதும்போது பின்னால் மொழி நிற்கிறது, காப்பாற்றிவிடுகிறது. மொழியை வெட்டிவிட்டு ‘வீட்டுச் சைகை’ என்று எழுதினால் மிஞ்சுவது கையாட்டல்தான். அந்தப் பையன் கொம்பைக் காட்டுவது ஒன்று, கண்ணை விரித்துக் கொம்பைக் காட்டுவது வேறொன்று என்று டீச்சர் எழுதியிருக்கிறார்களே, அது இலக்கணத்தின் முளை. நிகராகுவாவில் 1970களின் கடைசியில் மனாகுவாவில் பள்ளி திறந்தபோது பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டுக் கைப்பேச்சோடுதான் வந்தார்கள். வகுப்பில் உதட்டைப் பார்த்து ஸ்பானிஷ் படிக்கச் சொன்னார்கள், பிள்ளைகளோ மைதானத்திலும் பஸ்ஸிலும் இதையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து சில வருடத்தில் ஒரு மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். அதன் விதை இந்தப் பேச்சுதான். என் யோசனை ‘வீட்டுக் கைமொழி’.

ஆனால் இதையும் கையேட்டில் எழுதுங்கள். விதை மட்டும் போதாது. ஆறேழு வயது வரை முழு மொழி எதுவும் கண்ணில் படாமல் வளரும் பிள்ளைக்கு அந்தச் சேதம் பிறகு எளிதில் சரியாவதில்லை. பெயரை மரியாதையாக வைத்துவிட்டு, வீட்டில்தான் பேசுகிறானே என்று யாரும் அங்கேயே விட்டுவிடக் கூடாது.

உதகை பேராசிரியர், புதன் காலை

அம்மாவுக்கு வணக்கம். நீங்கள் சொன்னது எனக்குப் புதிது. ஆனால் ‘கைமொழி’யும் குறை உடையதே. நீங்களே கண்ணை விரிப்பது இலக்கணம் என்கிறீர்கள், கண் கையில் இல்லையே? ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் உயரும் என்று படித்திருக்கிறேன்.

கோவை நிரலாளர், புதன் மதியம்

அப்படியானால் மெய்ம்மொழி! மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை, உணர்ச்சி உடம்பில் தெரிவதைப் பற்றித் தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியலே இருக்கிறது.

குன்னூர் மொழிபெயர்ப்பாளர், புதன் மதியம்

மெய் என்றால் க் ங் ச் ஞ்ஞும்தான். பெற்றோருக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும்.

கோவை ஆசிரியை, புதன் மதியம்

கண் கையில் இல்லைதான். வாய்மொழி என்கிறீர்களே, மூக்கும் தொண்டையும் இல்லாமலா பேசுகிறீர்கள்? ஞ, ந, ம சொல்லும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். முதன்மையான உறுப்பை வைத்துப் பெயர் வைப்பது வழக்கம், அவ்வளவுதான்.

இன்னொன்று, நிரலாளர் தம்பிக்குப் பிடிக்கும். இந்திய சைகை மொழியில் கேள்விச் சொல் கடைசியில்தான் வரும். ‘உன் பெயர் என்ன’ என்று தமிழில் எப்படியோ அப்படியே. ஆங்கிலத்தில் அது முதலில் வரும். எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எழுத வராமல் திணறுவதைப் பார்த்து மூளை போதாது என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

கூடலூர் தம்பி, புதன் மாலை

மழை, இரண்டு நாளாகக் கரண்ட் போய்ப் போய் வருகிறது, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். அக்கா சொன்ன மூக்கு வாதத்துக்கு இங்கிருந்து ஒரு கும்பிடு. ஒன்று மட்டும் கேட்கிறேன். இங்கே கரண்ட் போனால் காது கேளாத பிள்ளைகளுக்கு வகுப்பில் பேச்சே நின்றுவிடும், மதியத்திலேயே மூடுபனி ஏறி இருட்டிவிடுகிற ஊர். பெஞ்சை அரைவட்டமாகப் போட வேண்டும், டீச்சர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கறுப்பாகத் தெரியும் என்றெல்லாம் கையேட்டில் இருக்கிறதா? சொல்லைவிட அதுதான் எங்கள் பக்கம் தேவை.

கோத்தகிரி டீச்சர், புதன் இரவு

இருக்கிறது தம்பி, நான்காம் பக்கம்.

எண்ணிப் பார்த்தேன். வீட்டுச் சைகைக்கு ஐந்து பேர், அதில் இரண்டு பேர் ‘ஏதோ ஒன்றைப் போடுங்கள்’ என்று தனிமடலில் சொன்னவர்கள். மனைக்குறிக்கு ஒருவர். வீட்டுக் கைமொழிக்கு இரண்டு, அதில் ஒன்று நான். அக்கா சொன்னதுதான் சரி என்று மனசு சொல்கிறது, ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ‘சைகை மொழி’ என்று போட்டுவிட்டு நடுவில் மட்டும் கைமொழி என்றால், இது வேறு ஏதோ என்று பெற்றோர் நினைப்பார்கள். தில்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதி 2021இல் பத்தாயிரம் சொல்லோடு வந்தது, அப்போது அது இந்தியும் ஆங்கிலமும்தான், தமிழுக்கு அதில் கைப்பிடி இருக்கவில்லை. எனவே வீட்டுச் சைகை. கீழே இரண்டு வரி விளக்கம், ‘சேதம்’ பற்றிய பத்தி தனிக் கட்டத்தில். புரூஃப் இணைத்திருக்கிறேன்.

கோவை ஆசிரியை, வியாழன் காலை

கட்டத்துக்கு நன்றி. சொல்லை நான் ஒப்பவில்லை, சனிக்கிழமை வகுப்பில் கைமொழி என்றுதான் எழுதுவேன். யாராவது கேட்டால் இரண்டு கையையும் கூரை போலச் சேர்த்துக் காட்டிவிட்டுப் பேசிக் காட்டுகிறேன், அதற்குத் தமிழ் வேண்டியதில்லை.

உதகை பேராசிரியர், வியாழன் காலை

மனைக்குறியை நான் கைவிடவில்லை என்பது பதிவாகட்டும். புரூஃபில் ‘வீட்டு சைகை’ என்று ஒற்று இல்லாமல் இருக்கிறது. வீடு நெடில்தொடர்க் குற்றியலுகரம், வீட்டு என்று இரட்டித்த பின் வல்லினம் மிகும். வேண்டாத சொல்லானாலும் சரியாக எழுதுங்கள்.

கோத்தகிரி டீச்சர், வியாழன் மதியம்

திருத்தியாச்சு ஐயா. ஒன்பதாம் பக்கத்திலும் பதினொன்றிலும் இருந்தது. இப்போது அச்சகத்துக்குக் கிளம்புகிறேன், யாரும் பதில் போடாதீர்கள்.